ஊர்க்காரரின் குரலும் வேட்பாளரின் காசோலையும்

2004 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் செனட் தேர்தலுக்குப் பதிவான வாக்குகள் 3,91,188. குடியரசுக் கட்சியின் ஜான் தூன் 1,97,848 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் டாம் டாஷலுக்கு 1,93,340 வாக்குகள் கிடைத்தன. வெறும் 4,508 வாக்குகளில் தோற்றவர் சாதாரண உறுப்பினர் அல்லர்; செனட்டில் தம் கட்சிக்கே தலைவராக இருந்தவர். 1952-இல் அரிசோனாவின் எர்னஸ்ட் மெக்ஃபார்லண்ட், பேரி கோல்ட்வாட்டரிடம் தோற்ற பிறகு 52 ஆண்டுகளாக எந்தக் கட்சியின் செனட் தலைவரும் சொந்த மாநிலத்தில் தோற்றதில்லை.

இந்தத் தோல்விக்குப் பெரிய காரணங்கள் வெளிப்படையானவை. அதே நாளில் நடந்த அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தின் பத்துப் பேரில் ஆறு பேர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு வாக்களித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு செனட் இடத்துக்குப் போட்டியிட்டு டிம் ஜான்சனிடம் 524 வாக்குகளில் தோற்றிருந்த தூன், மாநிலம் முழுக்கத் தெரிந்த முகமாகியிருந்தார். இரு தரப்பும் சேர்ந்து 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. அப்போது ஏழரை லட்சம் பேர் வாழ்ந்த மாநிலத்துக்கு இது பெருந்தொகை. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது இவற்றைவிட மிகச் சிறிய இன்னொரு செலவு. தூனின் பிரச்சாரக் கணக்கில் இரண்டு உள்ளூர் வலைப்பதிவர்களுக்கு 27,000 டாலரும் 8,000 டாலரும் தரப்பட்டிருந்தன. 3 கோடியின் முன் 35,000 டாலர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால், தேர்தல் காலத்தில் ஓர் ஊர்க்காரரின் சொல்லுக்கு எங்கிருந்து பலம் வருகிறது, அந்தப் பலத்தை விலைக்கு வாங்கினால் என்ன நேர்கிறது என்று ஆராய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

தெற்கு டகோட்டாவில் 2004-இல் செய்தி எப்படிப் பரவியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாநிலத்தின் பெரிய நகரம் சூ ஃபால்ஸ். அங்கிருந்து வெளிவரும் ‘ஆர்கஸ் லீடர்’ அப்போது மாநிலத்திலேயே அதிகம் விற்ற நாளிதழ். கேனட் என்ற தேசிய நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. பண்ணைகளும் சிறு ஊர்களும் பரந்து கிடக்கும் இத்தகைய மாநிலத்தில், பெரிய நாளிதழ் காலையில் எதைச் செய்தியாக எடுக்கிறதோ அதையே வானொலியும் தொலைக்காட்சியும் மாலையில் பேசும். ஆர்கஸ் லீடரின் மூத்த அரசியல் செய்தியாளர் டேவிட் கிரான்ஸ். மாநில அரசியலைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து எழுதியவர்; டாஷல் படித்த தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். டாஷலை வீழ்த்த விரும்பியவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிந்தது. டாஷலுக்குச் சங்கடமான செய்திகள் உள்ளூர்ப் பத்திரிகையில் வருவதில்லை, வந்தாலும் மழுங்கடிக்கப்பட்டே வருகின்றன என்பது அவர்களின் நீண்டநாள் புகார்.

அந்தப் புகாரை நாள்தோறும் நடத்தும் வேலையாக மாற்றியவர்கள் வலைப்பதிவர்கள். அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஜான் லாக் ‘டாஷல் வெர்சஸ் தூன்’ என்ற பதிவை நடத்தினார். ‘சவுத் டகோட்டா பாலிடிக்ஸ்’ என்ற பதிவை ஜேசன் வான் பீக் நடத்தினார். இவர்களோடு இன்னும் சிலர் சேர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் சுட்டி, ஒரு கூட்டணியாகவே இயங்கினார்கள். காலையில் நாளிதழ் வந்ததும் வேலை தொடங்கிவிடும். எந்தச் செய்தி முதல் பக்கத்தில் இருக்கிறது, எது உள்ளே தள்ளப்பட்டது, தலைப்பில் யார் பெயர் நல்லபடியாக வந்திருக்கிறது, வாஷிங்டன் பத்திரிகைகளில் வந்து இங்கே வராத டாஷல் செய்தி எது என்று வரிவரியாகப் பிரித்து எழுதுவார்கள். பழைய பத்திரிகை நறுக்குகளைத் தேடியெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் டாஷல் ஊரில் சொன்னதையும் இன்று வாஷிங்டனில் சொல்வதையும் அருகருகே வைப்பார்கள். தலைநகரில் டாஷல் தம்பதியினருக்கு இருந்த 19 லட்சம் டாலர் வீட்டுக்கு, அதுவே முதன்மை வசிப்பிடம் என்று காட்டிச் சொத்துவரிச் சலுகை கோரப்பட்டிருந்த செய்தியைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். தெற்கு டகோட்டாவின் பிரதிநிதி உண்மையில் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியை அது வாக்காளர் முன் வைத்தது.

இந்தப் பதிவுகளைப் படித்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. நான் கவனிக்க விரும்புவது இதைத்தான். கோதுமை வயலில் நிற்கும் விவசாயியை நோக்கி அவை எழுதப்படவில்லை. நாளிதழின் ஆசிரியர் குழு, வானொலியில் பேசுவோர், இரு கட்சிகளின் மாவட்டப் பொறுப்பாளர்கள், வாஷிங்டனிலிருந்து இந்தப் போட்டியை எழுதவந்த செய்தியாளர்கள் ஆகியோரே குறி. தன் ஒவ்வொரு வரியையும் யாரோ எடைபோடுகிறார்கள் என்று தெரிந்தால் செய்தியாளரின் கை ஒரு நொடி தயங்கும். அடுத்த முறை மற்ற தரப்புக்கும் ஒரு பத்தி கூடுதலாக ஒதுக்கத் தோன்றும். டாஷலுக்குச் சங்கடமான ஒரு செய்தியை விட்டுவிடுவோம் என்ற முடிவை எடுப்பது கடினமாகும். நாளிதழின் செயலாசிரியர் ராண்டல் பெக் இந்தப் பதிவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்ததே உத்தி பலித்ததற்கு அடையாளம். வாக்காளரை நேரடியாகத் திருப்ப முயலாமல், வாக்காளர் நம்பும் பத்திரிகையின் மீது அழுத்தம் வைத்தார்கள். நாளிதழ் ஒன்றே பெரிதாக இருக்கும் இடத்தில் மட்டுமே இந்த உத்திக்கு இவ்வளவு வேகம் கிடைக்கும். பத்துப் பத்திரிகைகள் போட்டியிடும் நியூயார்க்கில் இதே வேலையை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு உள்ளூர்க்காரராக இருப்பது அவசியம். கிரான்ஸ் யாரோடு படித்தார், 1978-இல் டாஷல் முதன்முறை நூற்றுச் சொச்சம் வாக்குகளில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானபோது என்ன பேசினார், எந்த மாவட்டத்தில் எந்தச் சொல் சுடும் என்பதெல்லாம் வாஷிங்டனில் அமர்ந்து கட்சி ஆலோசகர் எழுதக்கூடியவை அல்ல. வாசகரும் அதை ஓர் ஊர்க்காரரின் குரலாகவே கேட்டார். பேராசிரியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், தம் மனதில் பட்டதை ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள் என்பதுதான் அந்த எழுத்தின் மதிப்பு. தொலைக்காட்சி விளம்பரத்தில் வேட்பாளரே ‘இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் தந்தேன்’ என்று சொல்லியாக வேண்டும். அது 2002 பிரச்சார நிதிச் சட்டம் கொண்டுவந்த கட்டாயம். பார்ப்பவர் அதற்கேற்பச் சந்தேகத்தோடு பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவதற்கு அந்தச் சந்தேகம் வராது.

தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குப் பின், டிசம்பரில், சிபிஎஸ் உள்ளிட்ட தேசிய ஊடகங்கள் பிரச்சாரக் கணக்கைச் சுட்டி எழுதின. 27,000 டாலர் லாக்குக்கு, 8,000 வான் பீக்குக்கு. தங்கள் பதிவுகளில் இதை வாசகருக்கு அறிவிக்கவில்லை என்பது இருவர் மீதும் எழுந்த குற்றச்சாட்டு. சட்டப்படி இதில் தவறு ஏதும் இல்லை. பணம் கொடுத்தது பிரச்சாரக் குழு, அதைக் கணக்கில் காட்ட வேண்டிய கடமை அவர்களுடையது, காட்டினார்கள். வான் பீக் பிறகு தூனின் அலுவலகப் பணியில் சேர்ந்தார். லாக் அந்தத் தேர்தலைப் பற்றி 2007-இல் ஒரு நூலே வெளியிட்டார். டகோட்டா சமவெளியின் அரசியல் வரலாற்றுக்குள் அந்தப் போட்டியை வைத்துப் பார்க்கும் நூல் அது. ஒரு பக்கம் சாய்ந்ததுதான், ஆனால் உழைப்பில்லாத நூல் அல்ல.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பணம் வாங்கிய ஒரே காரணத்தால் இந்தப் பதிவர்கள் எழுதியதெல்லாம் பொய் என்றாகிவிடாது. வீட்டு வரிச் சலுகை பற்றிய ஆவணம் இருந்தது. டாஷலின் பழைய பேச்சுகள் பத்திரிகையில் பதிவானவை. பெரிய நாளிதழ் தன்னை யாரும் கேள்வி கேட்பதில்லை என்ற வசதியில் பல ஆண்டுகள் இருந்தது என்பதிலும் உண்மை உண்டு. பணம் இல்லாமலும் லாக் இதையேதான் எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். அவருடைய சார்பு ஒளிவுமறைவற்றது. பிறகு என்ன குறை? ஒரு செய்தியாளர் வேட்பாளருடன் ஒரே கல்லூரியில் படித்ததையும் வாசகர் அறிய வேண்டும் என்று நாள்தோறும் வாதிட்டவர்கள், தாங்கள் எதிர் வேட்பாளரிடம் ஊதியம் பெறுவதையும் வாசகர் அறிய வேண்டும் என்று கருதவில்லை. அவர்கள் ஆர்கஸ் லீடருக்கு வைத்த அளவுகோல் சரியானது. அதை அவர்களுக்கும் வைத்தால் அவர்கள் தேறவில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கு அதே தேர்தல் பருவத்திலேயே சான்று உண்டு. 2003-இல் அதிபர் வேட்பாளராக முயன்ற வெர்மான்ட் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீனின் குழு, ‘டெய்லி கோஸ்’ நடத்திய மார்கோஸ் மூலிட்சாஸையும் ‘மை டிடி’ நடத்திய ஜெரோம் ஆம்ஸ்ட்ராங்கையும் மாதம் 3,000 டாலருக்குத் தொழில்நுட்ப ஆலோசகர்களாக அமர்த்தியது. மூலிட்சாஸ் தம் பக்கத்தில், டீனுக்காக வேலை செய்கிறேன் என்று அறிவித்துவிட்டு எழுதினார். ஆம்ஸ்ட்ராங் அந்த வேலை முடியும்வரை பதிவு எழுதுவதையே நிறுத்திவைத்தார். எந்தச் சட்டமும் இருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. 2005 தொடக்கத்தில் டீன் குழுவில் இருந்த செஃபைர் டீச்அவுட் அந்த ஒப்பந்தத்தின் உள்நோக்கத்தைப் பற்றி எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. நல்லபடி எழுத வேண்டும் என்ற நம்பிக்கையும் அந்தப் பணத்தின் பின்னால் இருந்தது என்றார் அவர். ஆனால் வாசகர் ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அறிவிப்பு கண்ணெதிரே இருந்தது.

உள்ளூர்ப் பதிவு வேறு வகையிலும் இயங்கலாம் என்பதை ஒரு காட்சியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். தெற்கு டகோட்டாவில் டாஷலின் விளம்பரம் ஒன்றில், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் புஷ் அவரைத் தழுவிக்கொண்ட காட்சி இடம்பெற்றது. புஷ்ஷை விரும்பும் மாநிலத்தில் அது டாஷலுக்குப் பாதுகாப்பு என்று அவர் குழு கணக்குப் போட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கனெடிகட் மாநிலத்தில் ஏறக்குறைய அதே காட்சி இன்னொரு ஜனநாயகக் கட்சி செனட்டரை வீழ்த்தும் ஆயுதமானது. 2005 தொடக்கத்தில் நாடாளுமன்ற உரையின்போது புஷ், ஜோ லீபர்மனின் கன்னத்தருகே முகம் வைத்து அணைத்துக்கொண்டார். இராக் போரை வெறுத்த கனெடிகட் ஜனநாயகக் கட்சியினர் அதை ‘முத்தம்’ என்றே அழைத்தார்கள். காகிதக் கூழால் இருவரின் உருவத்தையும் செய்து ஒரு சிறு லாரியில் ஏற்றி, லீபர்மன் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்தார்கள். உள்ளூர்ப் பதிவர்கள் அதைப் படம்பிடித்துப் போட்டார்கள்; தொலைக்காட்சிகள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன.

கனெடிகட் கதையில் பெரிதும் பேசப்படுவது, உட்கட்சித் தேர்தலில் லீபர்மனை எதிர்த்து நின்ற கிரீன்விச் ஊரின் கோடீஸ்வரத் தொழிலதிபர் நெட் லமாண்டைத் தேசியப் பதிவர்கள் எப்படித் தூக்கிப்பிடித்தார்கள் என்பதே. ஆனால் வேலை நடந்த இடம் வேறு. அந்த மாநிலத்தில் 169 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் கட்சிக்கு ஓர் ஊர்க்குழு. கட்சி மாநாட்டுக்குப் பேராளர்கள் இந்த ஊர்க்குழுக்களின் வழியாக வருகிறார்கள். மாநாட்டில் 15 விழுக்காடு பேராளர் ஆதரவு பெற்றால்தான், கையெழுத்து வேட்டையில் இறங்காமல் உட்கட்சித் தேர்தலில் நிற்க முடியும். ‘மை லெஃப்ட் நட்மெக்’ போன்ற பதிவுகளில் எழுதியவர்களில் பலர் இந்த ஊர்க்குழுக்களோடு தொடர்புள்ளவர்கள். எந்த ஊரில் யார் பேராளர், யாருக்குப் போர் மீது கோபம், யார் லீபர்மனுக்கு நன்றிக்கடன் பட்டவர் என்பது அவர்களுக்குத் தெரியும். 2006 மே மாதம் ஹார்ட்ஃபோர்டில் நடந்த மாநாட்டில் லமாண்டுக்கு 15 அல்ல, ஏறத்தாழ 33 விழுக்காடு ஆதரவு கிடைத்தது. பதினெட்டு ஆண்டு செனட்டரை, 2000-இல் துணை அதிபர் வேட்பாளராக இருந்தவரை, அவர் கட்சியினரிலேயே மூன்றில் ஒருவர் கைவிட்டார் என்ற செய்தி அங்கேதான் பிறந்தது.

உட்கட்சித் தேர்தலில் கட்சியில் பதிவுசெய்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்பது கனெடிகட் விதி. எனவே களம் சிறியது. ஆகஸ்ட் 8 அன்று பதிவான சுமார் 2,83,000 வாக்குகளில் லமாண்ட் ஏறத்தாழ 10,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். இந்த அளவுள்ள தேர்தலில் சில ஆயிரம் ஆர்வலர்கள் படிக்கும் பதிவுக்குக்கூட எடை உண்டு, ஏனென்றால் அந்த ஆர்வலர் ஒவ்வொருவரும் இருபது வீட்டுக் கதவைத் தட்டுகிறவர். தெற்கு டகோட்டாவில் பதிவு பத்திரிகையை அசைத்தது என்றால், கனெடிகட்டில் அது கட்சித் தொண்டரை ஒன்றுசேர்த்தது. இரண்டையும் ‘இணையத்தின் வெற்றி’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால்தான் அப்போதைய ஆய்வுகள் பல தடம் மாறின என்பது என் கருத்து.

உள்ளூர் அறிவு இல்லாத கை நுழைந்தால் என்ன ஆகும் என்பதும் அங்கே தெரிந்தது. தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, வெளிமாநிலப் பதிவர் ஜேன் ஹாம்ஷர், லீபர்மனுக்குக் கறுப்பு முகம் பூசி ஒட்டுவேலை செய்த படம் ஒன்றை வெளியிட்டார். அடிமைக்கால இழிவை நினைவூட்டும் அந்தப் படம், நியூ ஹேவன், பிரிட்ஜ்போர்ட் போன்ற நகரங்களின் கறுப்பின வாக்காளரிடம் ஆதரவு தேடிக்கொண்டிருந்த லமாண்டுக்கே தீங்கானது. படம் நீக்கப்பட்டது, லமாண்ட் தமக்கு அதில் தொடர்பில்லை என்று விளக்கவேண்டி வந்தது. அந்த ஊரில் நாளை காலை மறுபடியும் கதவைத் தட்டியாக வேண்டிய ஒருவர் அப்படிப்பட்ட படத்தைப் போட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

மறுதரப்பிலும் அவசரம் இருந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு லீபர்மனின் இணையதளம் முடங்கியது. எதிர்த்தரப்பின் ஆதரவாளர்கள் தளத்தைத் தாக்கிவிட்டார்கள் என்று அவர் குழு பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது; வாக்குப்பதிவு நாள் முழுக்க அதுவே செய்தி. கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 2008-இல் வெளியான ஆவணத்தின்படி யாரும் தாக்கவில்லை. மணிக்கு 100 மின்னஞ்சல் என்று அமைக்கப்பட்டிருந்த வரம்பை லீபர்மன் குழுவே தொடர்ந்து மீறியதால் தளம் விழுந்திருந்தது. குற்றச்சாட்டு ஒரே நாளில் நாடு முழுக்கப் போனது; அது தவறென்ற செய்தி இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. லீபர்மன் அதற்குள் தமக்கென ஒரு கட்சி அமைத்துச் சுயேச்சைபோல நின்று, நவம்பரில் ஏறத்தாழ 50 விழுக்காடு வாக்குகளோடு வென்றிருந்தார். லமாண்டுக்கு 40. ஊர்க்குழுக்களின் வழியே உட்கட்சித் தேர்தலை வெல்லப் பயன்பட்ட உத்தி, குடியரசுக் கட்சியினரும் எந்தக் கட்சியும் சாராதவரும் வாக்களிக்கும் பொதுத்தேர்தலில் போதவில்லை.

அதே 2006-இல் வர்ஜீனியாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அந்தக் காட்சி உலகம் முழுக்கத் தெரிந்தது. செனட்டர் ஜார்ஜ் ஆலன், ஆகஸ்ட் 11 அன்று கென்டக்கி எல்லையோரப் பூங்கா ஒன்றில் பேசும்போது, எதிர் வேட்பாளர் ஜிம் வெப்பின் குழுவுக்காகத் தம்மைப் பின்தொடர்ந்து படம்பிடித்துவந்த 20 வயது மாணவர் எஸ். ஆர். சித்தார்த்தை ‘மகாகா’ என்று கூட்டத்தாரிடம் சுட்டிக்காட்டி, அமெரிக்காவுக்கு வரவேற்றார். குரங்கினத்தின் பெயரான அது, ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் இழிசொல்லாக வழங்கியது. இந்திய வம்சாவளியினரான சித்தார்த் வர்ஜீனியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். வரவேற்க வேண்டிய அந்நியர் அங்கே யாரும் இல்லை. உள்ளூர்ப் பதிவுகளும் வாஷிங்டன் போஸ்ட்டும் யூடியூபும் சேர்ந்து அந்தச் சில நொடிகளை மாநிலம் எங்கும் கொண்டுபோயின. அப்போது யூடியூபுக்கு ஒன்றரை வயது. அந்த மாணவரின் தலைமுடியைக் குறிக்கும் பட்டப்பெயர்தான் அது என்று முதலில் சொல்லிப்பார்த்த ஆலன், பிறகு அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டார். நவம்பரில் சுமார் 9,300 வாக்குகளில் தோற்றார். அந்த ஓர் இடத்தால் செனட்டே கை மாறியது.

இதில் அதிகம் கவனிக்கப்படாத இரண்டு செய்திகள் உண்டு. ஆலனின் பிரச்சார மேலாளர் டிக் வாதம்ஸ். தெற்கு டகோட்டாவில் தூனின் பிரச்சாரத்தை நடத்தியவரும் அவரே. உள்ளூர்ப் பதிவின் பலத்தை 2004-இல் நன்கு அறிந்துகொண்ட அதே மனிதர், இரண்டு ஆண்டுகளில் அதன் எதிர்ப்பக்கத்தில் நின்றார். பணம் கொடுத்து அமர்த்தக்கூடிய பதிவர் குழுவை எதிர்பார்த்திருந்தால்கூட, கையில் சிறு படக்கருவியுடன் நாள் கணக்கில் பின்தொடரும் ஒரு மாணவரை அவரால் கணக்கில் கொள்ள முடிந்திருக்காது. இன்னொன்று: வெப்பைத் தேர்தலுக்கு வரச்சொல்லி 2005 இறுதியில் இயக்கம் நடத்தியவர்களில் ‘ரெய்சிங் கெய்ன்’ என்ற உள்ளூர்ப் பதிவை நடத்திய லோவெல் ஃபெல்ட் முக்கியமானவர். பிறகு அவர் வெப்பின் குழுவிலேயே இணையப் பணிக்குச் சேர்ந்தார். அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பது ஊரறிந்த செய்தி; அதனால் அவர் பதிவை யாரும் நடுநிலை என்று எண்ணிப் படிக்கவில்லை. பதிவர் பிரச்சாரத்தில் சேர்வது இழிவல்ல என்று நான் சொல்வது இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான். தேர்தலில் ஈடுபட்டு உழைப்பவருக்கு ஊதியம் பெற உரிமை உண்டு.

சட்டம் இதையெல்லாம் எப்படி எதிர்கொண்டது? 2002-இல் நிறைவேறிய பிரச்சார நிதிச் சட்டத்துக்கு விதி வகுத்த கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இணையத்தை முழுவதுமாக விலக்கிவைத்தது. அந்த முழு விலக்கு சட்டத்தின் நோக்கத்துக்கு முரண் என்று 2004 செப்டம்பரில் நீதிபதி காலீன் கொல்லர்-கொடெலி தீர்ப்பளித்தார். புதிய விதி எழுத வேண்டியதாயிற்று. பதிவர்கள் அஞ்சினார்கள்: ஒரு வேட்பாளரின் தளத்துக்குச் சுட்டி கொடுப்பதே நன்கொடையாகக் கணக்கிடப்படுமோ, வீட்டில் அமர்ந்து எழுதுபவர் வழக்கறிஞரைத் தேட வேண்டிவருமோ என்று. இடதும் வலதும் சேர்ந்து எதிர்த்த அபூர்வமான தருணம் அது. 2006 மார்ச் 27 அன்று ஆணையத்தின் ஆறு உறுப்பினரும் ஒருமனதாக ஏற்ற விதி, பிறர் தளத்தில் கட்டணம் கொடுத்து இடும் விளம்பரத்தை மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தன் செலவில் எழுதும் பதிவருக்குப் பத்திரிகைக்கு உள்ள விலக்கே கிடைத்தது. அந்த அளவில் அது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். ஊதியம் எதிர்பாராமல் எழுதும் ஒரு பள்ளி ஆசிரியரை அரசுப் படிவங்களுக்குள் சிக்கவைத்திருந்தால் உள்ளூர் அரசியல் எழுத்தே வற்றிப்போயிருக்கும்.

ஆனால் பிரச்சாரத்திடம் பணம் பெறும் பதிவர் அதைத் தம் பக்கத்தில் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு ஆணையம் ‘வேண்டியதில்லை’ என்றது. பிரச்சாரக் குழு எப்படியும் செலவைக் கணக்கில் காட்டுகிறதே, பொதுமக்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பது காரணம். ஒருவர் மேல் சுமை ஏற்றக் கூடாது என்ற கவலை ஊதியம் பெறாதவருக்குப் பொருந்தும். ஊதியம் பெறுபவருக்கு ஒரு வரி எழுதுவது சுமையல்ல, மூலிட்சாஸ் எழுதிக்காட்டினார். 2023-இல் இணைய விளம்பர அறிவிப்புக்கான புதிய விதி நடைமுறைக்கு வந்தபோதும், வேட்பாளரிடம் பணம் பெற்றுத் தம் சொந்தக் கணக்கில் எழுதுவோரும் பேசுவோரும் அதை வெளிப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. பதிவர் போய் இப்போது லட்சக்கணக்கானோர் பின்தொடரும் காணொளிக்காரர் வந்திருக்கிறார். இடைவெளி அப்படியே இருக்கிறது.

கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் நடைமுறையில் எவ்வளவு நிற்கும் என்று 2004 நாட்காட்டியை வைத்தே சோதிக்கலாம். அதிபர் வேட்பாளரும் பிரதிநிதிகள் சபை வேட்பாளரும் மின்வடிவில் கணக்குத் தாக்கல் செய்தபோது, செனட் வேட்பாளர்கள் மட்டும் காகிதத்தில் கொடுத்துவந்தார்கள். செனட் செயலகம் அதை ஒளிநகல் எடுத்து ஆணையத்துக்கு அனுப்ப, அங்கே எண்களை மறுபடி கையால் உள்ளிட்டார்கள்; இந்த வழக்கம் 2018 வரை நீடித்தது. தேர்தலுக்கு முந்தைய கடைசி அறிக்கை வாக்குப்பதிவுக்கு இருபது நாள் முன்புவரை உள்ள செலவைத்தான் காட்டும். 2004-இல் அது அக்டோபர் 13. அடுத்த அறிக்கைக்குக் கெடு, தேர்தல் முடிந்து முப்பதாம் நாள், டிசம்பர் 2. பிரச்சாரம் உச்சத்தில் இருக்கும் அக்டோபர் 14 முதல் நவம்பர் 2 வரை ஒரு பதிவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டாலும், வாக்களித்து முடிக்கும்வரை சூ ஃபால்ஸ் வாசகர் அதை எந்த அறிக்கையிலும் பார்க்க வழியில்லை. காகிதம் போய் மின்வடிவம் வந்துவிட்டது. இருபது நாள், முப்பது நாள் என்ற அந்தக் கெடுக்கள் இன்றும் அப்படியே உள்ளன.